தக்காளி பன்னிரண்டு

பிப்ரவரி 10, செவ்வாய்

பால் 54. காய் 62. சோப்பு 38. மகளுக்குப் பேனா 15.

இவ்வளவுதான் இன்றைக்கு என்று மூடி வைக்கப் போனேன். அதற்குள் அவர் வந்துவிட்டார், வழக்கத்துக்கு முன்னால். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு அந்தப் பை கை கால் மாதிரி. ஆனாலும் அதை வாசலிலேயே கழற்றி வைத்து, கையில் இருக்கிற கிரீஸைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்று இரண்டும் இல்லை.

"கிளையை மூடுறாங்க. மார்ச்சோட."

பெரிய நகரத்துக்கு வருகிறவர்களுக்கு வேலை உண்டாம். சம்பளம் ஒன்றரை மடங்கு. வராதவர்களுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு கைகுலுக்கலும்.

"கைகுலுக்கலை எந்தப் பக்கம் எழுதணும், வரவுலயா செலவுலயா?" என்றேன். சிரிக்க வைக்கத்தான் கேட்டேன். சிரிக்கவில்லை.

"நீ கணக்குப் போட்டுச் சொல்லு. போகலாம்னா போகலாம். வேண்டாம்னா வேண்டாம்."

இத்தனை வருடமாகக் 'கணக்குப்பிள்ளை' என்று என்னைக் கேலி செய்தவர். இன்று கேலி இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. ஆண்டவனே, நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். வீதக் கணக்கை இவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். அதை நம்பி மூன்று பேரைத் தூக்கி என் மடியில் வைக்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் கணவர் அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். அவருக்கு அங்கே இடம் இல்லையாம். "நீங்க கொடுத்து வச்சவங்கக்கா" என்றாள். எதைக் கொடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

நாத்தனார் தொலைபேசும் நாள். என் கணவருடைய அக்கா. அந்த நகரத்தில் இருபது வருடமாக இருக்கிறவர். கணவர் போன பிறகும் ஊர் திரும்பாதவர். பெரிய துணிக்கடையில் மேற்பார்வை. எப்போது பேசினாலும் "எனக்கென்ன குறை?" என்றுதான் ஆரம்பிப்பார். வருடம் ஒருமுறை வரும்போது என் மகளுக்கு என்று ஏதாவது நல்ல பொருள் கொண்டுவருவார். போன வருடம் காலணி. நான் வரவில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணி, அங்க தக்காளி எவ்வளவு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா! இங்க முப்பது விக்குது. கேரட்?"

"பத்து. கோஸ் எட்டு. ஏண்டி, கடை வைக்கப் போறியா?"

"வீட்டு வாடகை?"

"நான் மூவாயிரம் கொடுக்கறேன். ஒத்தை ஆளுக்கு என்ன வேணும்?"

"பால்?"

"பால் வாங்கறதில்ல. வயித்துக்கு ஒத்துக்கல."

"மொத்தமா சமையலுக்கு மாசம் எவ்வளவு ஆகும்?"

வாய்க்குள் மெல்லக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "ஆயிரத்து தொள்ளாயிரம். சில மாசம் அதுவும் ஆகாது" என்றார்.

என்ன சிக்கனம்! நானும் சிக்கனக்காரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவரிடம் சொன்னேன். "பெரிய ஊரில்லையா, அதான் மொத்தமா வந்து இறங்குது. மலிவாத்தான் இருக்கும்" என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இரண்டு பத்தி கோடு போட்டேன். இடது பக்கம் இங்கே. வலது பக்கம் அங்கே.

இங்கேயே இருந்தால் ஆஸ்பத்திரியில் பராமரிப்பு வேலை இருக்கிறது. அவருடைய பழைய மேஸ்திரி சொல்லி வைத்திருக்கிறார். பதினெட்டாயிரம். செலவு பதினேழாயிரத்து அறுநூறு. மிச்சம் நானூறு. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அதுவும் இல்லை.

அங்கே முப்பத்து மூவாயிரம். நாத்தனார் ஒற்றை ஆளுக்குக் கொடுக்கிற வாடகையை இரட்டித்து, அதற்கு மேலும் ஐநூறு வைத்தேன்: ஆறாயிரத்து ஐநூறு. சமையல் அவர் செலவைப் போல மூன்று மடங்கு, முழுதாக ஆறாயிரம். பள்ளி, பேருந்து, மின்சாரம், மருந்து — எல்லாவற்றையும் தாராளமாகவே போட்டேன். இருபத்தோராயிரம் வந்தது. மிச்சம் பன்னிரண்டாயிரம்.

நம்ப முடியாமல் மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் அதேதான்.

பிப்ரவரி 21, சனி

விடியலில் குளித்துப் பிரார்த்தனை முடித்து, வாசலுக்கு வந்த வண்டியில் காய் வாங்கி உலையும் வைத்துவிட்டுச் சொன்னேன். எந்த நல்ல காரியமும் நான் அந்த வரிசையில்தான் செய்வது. அன்றைய முதல் காய், அன்றைய சோறு, அதை ஒரு கணம் ஆண்டவன் முன் வைத்த பிறகுதான் மற்றது.

"போகலாம்" என்றேன்.

"நல்லா யோசிச்சியா?"

"மூணு தரம்."

மகள் உள்ளேயிருந்து, "அம்மா மூணு தரம் கூட்டினா அரசாங்கமே ஒத்துக்கணும்" என்று கத்தினாள். வாயாடி. பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறவள். தோழிகளை விட்டுவிட்டுப் போக அழுதவள்தான், எங்களுக்காகச் சிரிக்கிறாள்.

ஆஸ்பத்திரி வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

மார்ச் 20, வெள்ளி

வீடு பார்க்க முன்னால் போனவர் பேசினார். குரலே சரியில்லை.

பன்னிரண்டாயிரத்து ஐநூறு. அதற்குக் கீழே வீடே இல்லையாம். முன்பணம் மூன்று மாதம். "அக்கா சொன்ன வாடகைக்குக் குளியலறைகூடக் கிடைக்காது. கேட்டா, எனக்கு மட்டும் ஏத்தாம விட்டிருக்காங்கங்கறா."

ஆறாயிரம் கூடுதல். இருக்கட்டும். பன்னிரண்டாயிரம் மிச்சத்தில் பாதி போனால் பாதி இருக்கிறதே. தக்காளி பன்னிரண்டு இருக்கிறதே.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்து ஐந்து நாள். நான்காவது மாடி. இவர் ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறார், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

காலையில் காய்க்கடைக்குப் போனேன். தக்காளி முப்பத்தெட்டு.

சரி, வீட்டருகே இருப்பதால் அதிகம் விற்கிறான் என்று அடுத்த தெருவுக்குப் போனேன். நாற்பது. பேருந்து நிறுத்தத்தில் கூடை வைத்திருக்கிற அம்மாவிடம் முப்பத்தாறு. "பன்னெண்டுக்குக் கிடைக்கும்னாங்களே" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — சில்லறை திருட வந்தவளைப் பார்ப்பது போல.

கால் கிலோ வாங்கினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாத்தனார் வந்தார். மடிப்புக் கலையாத உடை, தோல் கைப்பை, மகளுக்குப் புதுப் பள்ளிப் பை. நான்கு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். முன்பைவிட இளைத்திருக்கிறார். பால் விட்டுத்தான் தேநீர் கொடுத்தேன், பழக்கத்தில். கொடுத்த பிறகுதான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்குள் குடித்து முடித்திருந்தார்.

"எந்தக் கடையில அண்ணி வாங்கறீங்க? நானும் அங்கயே வரேன்."

"அது தூரம். நீ அங்கெல்லாம் வராத."

"ஒருநாள் உங்க வீட்டைப் பார்க்க வரோமே."

"வீட்டுல வெள்ளை அடிக்கறாங்க."

போகும்போது மகள் கன்னத்தைத் தடவி, "நீங்க வந்ததுல எனக்கு எவ்வளவு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் படியிறங்கிவிட்டார்.

ஏப்ரல் 30, வியாழன்

மாதக் கணக்கு.

வாடகை 12,500. சமையல் 11,800. பள்ளி 5,500. பேருந்து 2,900. மின்சாரமும் தண்ணீரும் 1,900. மற்றவை 1,700. மொத்தம் 36,300. வரவு 33,000.

ஒரே மாதத்தில் மூவாயிரத்து முந்நூறு துண்டு விழுகிறது. சேமிப்பில் முன்பணமும் லாரி வாடகையும் போக எட்டாயிரத்து ஐநூறு இருந்தது. அதிலிருந்து எடுத்தேன்.

மூன்று முறை கூட்டினேனே! மூன்று முறை கூட்டினால் மட்டும் தப்பு சரியாகிவிடுமா?

மே 3, ஞாயிறு

நாத்தனார் வரவில்லை. தலைவலியாம்.

இவர் வேண்டுமென்றே மதியச் சாப்பாட்டைக் குறைக்கிறார் என்று இன்றுதான் புரிந்தது. டப்பாவில் நான் வைக்கிற சோற்றில் பாதியைத்தான் வைக்கச் சொல்கிறார், "ஏறி இறங்கற வேலை, வயிறு கனமா இருக்கக் கூடாது" என்கிறார். இத்தனை வருடம் கனமாக இருக்கவில்லையா?

மே 10, ஞாயிறு

கேட்டுவிட்டேன். எழுதவே கை கூசுகிறது.

தொலைபேசியில் நாத்தனார் "எனக்கென்ன குறை" என்றதுமே எனக்குப் பொங்கிவிட்டது. "உங்களுக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி, எங்களுக்குத்தான். தக்காளி பன்னெண்டுன்னு சொன்னீங்களே, எங்க விக்குது? கனவுலயா? நீங்க தனியா இருக்கீங்கங்கறதுக்காக, பக்கத்துல ஆள் வேணும்ங்கறதுக்காக, பொய் சொல்லி எங்களை வரவழைச்சுட்டீங்க. உங்க தம்பி பட்டினி கிடக்கறார், தெரியுமா?"

 அவருக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார். வைத்துவிட்டார்.

இவர் என்னோடு பேசவில்லை. "அவ என் அக்கா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நான் அவளை நம்பியதும் உங்கள் அக்கா என்பதால்தானே!

மே 17, ஞாயிறு

தொலைபேசி அடிக்கவில்லை.

மே 21, வியாழன்

வீட்டுக்காரர் வாடகை ஏழு நாள் தாமதமானதற்கு ஆள் அனுப்பியிருந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஜூன் முடிய இந்த வீட்டை விட்டுடலாம். நான் நாலு பேரோட அறையில தங்கிக்கறேன். நீயும் பொண்ணும் உன் அண்ணன் வீட்டுக்குப் போங்க. மாசாமாசம் அனுப்பறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"தெரியல."

"அண்ணன் வீட்டுல எந்த அறையில படுக்கறது?"

"தெரியல."

"அவளோட பத்தாவது?"

அவருக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அண்ணன் நல்லவர். அண்ணன் மனைவியும் கெட்டவள் இல்லை. முதல் மாதம் 'உன் வீடு மாதிரி இரு' என்பாள். மூன்றாம் மாதம் எண்ணெய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பார்க்காவிட்டாலும் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். என் மகள் அந்த வீட்டில் வாயாட மாட்டாள். அதை நினைத்தால்தான் — வேண்டாம்.

குடும்பத்தை உடைக்கிற கணக்கைப் போட்டது வேறு யாரும் இல்லை. நான்.

மே 31, ஞாயிறு

ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் முதலில் எடுத்து பிஸ்கட் டப்பாவில் போடுவது ஆண்டவன் பங்கு. வாடகைக்கு முன்னால், அரிசிக்கு முன்னால். மாதக் கடைசிக்குள் யாராவது இல்லாதவர் கைக்குப் போய்ச் சேரும். கல்யாணமான மாதத்திலிருந்து தவறியதில்லை.

இந்த மாதம் போட்டதையும் எடுத்து அரிசி வாங்கிவிட்டேன்.

டப்பாவைத் திறந்து அவன் முன்னாலேயே வைத்தேன். பார்த்துக்கோ. ஒளிச்சு வைக்கல. இல்லாதவ கைக்குத்தான் போயிருக்கு. கேட்கணும்னா என்னைக் கேளு, அவங்களைக் கேட்காத. நான் இருபது வருஷமா கேட்காதவ, இப்ப கேட்கறேன் — எங்களைப் பிரிக்காத. வேற ஒண்ணும் வேண்டாம். அரை வயிறு பரவாயில்ல. பிரிக்காத.

 குழாயில் தண்ணீர் நின்றுபோன சத்தம்தான் கேட்டது.

ஜூன் 1, திங்கள்

முப்பதாம் தேதி ரயிலுக்கு இரண்டு சீட்டு வாங்கிவிட்டார்.

ஜூன் 2, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்துக் கூடை அம்மாவிடம் இரண்டே இரண்டு தக்காளி கேட்டேன். எடை போடாமல் கையில் கொடுத்துவிட்டு, "கட்டுபடியாகலன்னா பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் போம்மா. ஆறரைக்கு மேல. மிச்சம் மீதியைக் கூறு வச்சு வித்துட்டு வண்டி ஏறுவாங்க" என்றாள். மற்றவர்கள் காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எனக்கு முகம் எரிந்தது.

நான் காலையில் வாங்குகிறவள். பொழுது சாய்ந்து காய் வாங்கியதே இல்லை. வாடியதை எப்படி ஆண்டவன் முன் வைப்பது என்று நினைப்பேன். போனேன்.

தரையில் தார்ப்பாய் விரித்து, நசுங்கியது வெடித்தது எல்லாம் சின்னச் சின்னக் குவியலாக. பெண்கள் பையோடு குனிந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவன் சாக்கை உதறிக்கொண்டே கத்தினான்:

"பன்னெண்டு, பன்னெண்டு! தக்காளி கூறு பன்னெண்டு! கேரட் பத்து, கோஸ் எட்டு, எடுத்துக்க எடுத்துக்க!"

என் நோட்டை அவன் படிப்பது மாதிரி இருந்தது. பிப்ரவரி பதினைந்தாம் தேதிப் பக்கம். வரிசைகூட மாறவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால், இரண்டு ஆள் தள்ளி, தோல் கைப்பை. மடிப்புக் கலையாத உடையோடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தக்காளியாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்களுக்குன்னு ஓரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றான் கடைக்காரன். வாடிக்கை.

திரும்பினார். என்னைப் பார்த்தார். ஓடிவிடலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. அவர் ஓடவில்லை.

"நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா? குனி" என்றார். "மேல இருக்கறதை எடுக்காத. காலைலேர்ந்து வெயில் பட்டது. அடியில கை விடு."

குனிந்தேன். கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. கைக்குத் தெரிந்ததை எடுத்தேன்.

திரும்பி நடக்கும்போது அவர்தான் பேசினார்.

"நீ விலை கேட்ட. நான் விலைதான் சொன்னேன்."

"கிலோ விலைன்னு நினைச்சேன் அண்ணி."

"கிலோ விலை எனக்குத் தெரியாது. நாலு வருஷமாச்சு."

ஜூன் 3, புதன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

"வீடு வரைக்கும் வேண்டாம்" என்றார். அவர் பையை நான் விடவில்லை. விடாமலே கூடப் போனேன்.

சலவை நிலையத்துக்குப் பின்னால், பலகை வைத்துப் பிரித்த அறை. ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நடப்பதற்குத்தான். சுவரைத் தொட்டேன், சுட்டது. அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற இயந்திரம். தொலைபேசியில் கேட்ட சத்தம் அதுதான். ஓர் ஒற்றை அடுப்பு. ஒரு தகரப் பெட்டி. என் மகளின் படம், மூன்றாம் வகுப்பில் எடுத்தது.

துணிக்கடை மூடி நான்கு வருடமாகிவிட்டதாம். கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்ததுதான் அந்தத் தோல் பை. இப்போது இங்கே ஓட்டல் விரிப்புகளை மடித்துக் கொடுக்கிறார். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. தன் உடையை இஸ்திரி போட்டுக்கொள்ள மட்டும் காசு கொடுக்க வேண்டாம்.

"வாடகை மூவாயிரம். அதுவும் நிஜம்" என்றார்.

"ஏன் சொல்லல அண்ணி?"

"யார்கிட்ட? உன்கிட்டயா? நோட்டுல எழுதிடுவ."

சிரித்தார். நான் அழுதேன். என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, பால் இல்லாத தேநீர் போட்டுக் கொடுத்தார். "அழாத. இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க வம்புக்காரங்க, நாளைக்கு என்னன்னு கேப்பாங்க. நீங்க வரப்போறீங்கன்னதும் நான் நிறைய சொல்லியிருக்கணும். சொல்லிட்டா வரமாட்டீங்களோன்னு… அது மட்டும் தப்புதான். நீ திட்டினதுல அந்தப் பாதி சரி."

சில மாசம் அதுவும் ஆகாது. அந்த வாக்கியத்தைச் சிக்கனம் என்று மெச்சி எழுதி வைத்திருக்கிறேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? எவ்வளவு, எவ்வளவு, எவ்வளவு. ஒருத்தி பசித்துக் கிடந்த செலவை எடுத்து மூன்றால் பெருக்கி, அதை நம்பி வீட்டையே காலி செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

வரவில் எழுதிய காலணியைத் தேடிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து ஐம்பது என்று மதிப்புப் போட்டிருக்கிறேன். அவருடைய அரை மாதச் சாப்பாடு.

ஜூன் 7, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா ஏமாத்தல. நான் ஒரு தரம்கூட அவ வீட்டுக்குப் போகல. அவளே வந்துடுவாளே, நமக்கு வசதின்னு இருந்துட்டேன்."

மே பத்துக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் முழுதாகப் பேசினார்.

ஜூன் 14, ஞாயிறு

நாங்கள் மூவரும் சலவை நிலையத்துக்குப் போனோம். இவர், அக்காவின் கதவுத் தாழ்ப்பாள் தளர்ந்திருந்ததைப் பார்த்துப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து முடுக்க ஆரம்பித்துவிட்டார். பேச வேண்டியது நான்தான்.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி."

"தம்பி வீட்டுல ஒண்டிக்கிட்டா? இந்த வயசுலயா? முடியாது."

நோட்டை விரித்தேன். இம்முறை ஒரே பத்தி. நான்கு பேர்.

"ஒண்ட வேண்டாம். இங்க கொடுக்கற மூவாயிரத்தை அங்க கொடுங்க. காய் சாயங்காலம் உங்க வாடிக்கைக்காரன்கிட்ட வாங்குவோம். இதோ, மிச்சமாகாது, ஆனா துண்டும் விழாது. நீங்க வரலன்னா முப்பதாம் தேதி நானும் இவளும் எங்க அண்ணன் வீட்டுல ஒண்டணும். யாராவது ஒருத்தர் ஒண்டித்தான் ஆகணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"இது என்னடி நியாயம்?"

மகள் சொன்னாள்: "அத்தை, நான் குறட்டை விடமாட்டேன். அப்பா விடுவார், அவர் வேற அறை."

நாத்தனார் நோட்டை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். "கோஸ் எட்டு இல்ல, இப்ப ஒன்பது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

தகவல் இல்லை. பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். அண்ணனுக்கு ரயில் நேரத்தைச் சொல்லியாயிற்று.

ஜூன் 26, வெள்ளி

மகள் தன் புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

முழு நாளும் பிரார்த்தனையில் வார்த்தை வரவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவனும் வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 28, ஞாயிறு

கீழே வண்டிச் சத்தம். எட்டிப் பார்த்தால் சைக்கிள் வண்டியில் தகரப் பெட்டி.

நான்கு மாடியும் நின்று நின்று ஏறி வந்தார். வாசலில் என் மூட்டைகளைப் பார்த்தார். "யாரு கட்டினது இதை? முடிச்சைப் பாரு. அவிழு, அவிழு" என்றார்.

பிறகு கைப்பையைத் திறந்து மூவாயிரத்தை எண்ணி மேசைமேல் வைத்தார். "எழுதிக்க. வரவுல."

எழுதினேன். 

இவர் ரயில் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். ஐம்பது பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்களாம்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பால் ஒன்றரை லிட்டர், நாத்தனார் வந்ததிலிருந்து அரை கூடியிருக்கிறது. வயிற்றுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்கிறது.

போன மாதம் மிச்சம் முந்நூற்று நாற்பது. பிஸ்கட் டப்பாவில் ஐம்பது போட்டேன். நேற்றும் வீட்டுக்காரர் தண்ணீருக்குத் தனியாகக் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்; கேட்டால் முந்நூற்று நாற்பதும் போகும். இவருடைய சாப்பாட்டு டப்பாவில் இப்போது முழுச் சோறு.

காய் இப்போது சாயங்காலம் வருகிறது. மறுநாள் காலையில் வைக்கிற சோற்றில் முந்தின நாள் காய். ஆண்டவன் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஊரிலிருந்து தையல்காரி பேசினாள். அவள் கணவருக்கும் இங்கே ஒரு வண்டி ஓட்டும் வேலை வந்திருக்கிறதாம். சம்பளம் அதிகமாம். வரலாமா வேண்டாமா என்று மூன்று நாளாகத் தூக்கம் இல்லையாம்.

"நீங்கதான் சரியா சொல்வீங்கக்கா. நோட்டை வச்சுக்கிட்டுத்தான் பேசறேன். அங்க எப்படி இருக்கீங்க?"

எனக்கென்ன குறை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை. சமையலறையில் தக்காளியில் அழுகிய பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா? கேக்குதா? சரி, முதல்ல தக்காளி எவ்வளவு, அதைச் சொல்லுங்க."

"காலைலயா, சாயங்காலமா?" என்று கேட்டேன்.